முதல் வாரக் குரல்

சமையலறையில் பேசினால் கூடத்துக்குக் கேட்காது என்று டீச்சர் நம்பிக்கொண்டிருந்தாள். கூடத்துக்குக் கேட்காதுதான். ஆனால் சமையலறை சன்னலும் மகளின் அறை சன்னலும் ஒரே பக்கம் திறக்கிறவை என்பது, பத்து வருடம் குடியிருந்தும் அவள் புத்தியில் ஏறவில்லை.

போன வாரம் அந்தச் சன்னல் ஓரமாக நின்று, பாத்திரம் துடைத்தபடி, கணவரிடம் அவள் சொன்னதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். "அந்த மரக்கட்டையையே பேச வெச்சுட்டேன்னா, யாரை வேணா பேச வெச்சிடுவேன்னு நம்புவாங்க." மரக்கட்டை என்றது பெற்ற மகளை. பதினாறு வயதுப் பெண்ணை. அதோடு நிறுத்தினாளா? இல்லை. இன்னொன்றும் சொன்னாள். அதை நான் போன வாரம் எழுதவில்லை, கை கூசியது. இந்த வாரம் எழுதாமல் தீராது.

இன்றைக்குப் பள்ளி நிர்வாகத்தின் ஆய்வுக் குழு வருகிறது.

டீச்சர் அந்தப் பள்ளியில் ஐந்து வருடமாகத் தற்காலிகம். வருடா வருடம் ஒரு காகிதத்தில் நீட்டிப்பார்கள், அவளும் வருடா வருடம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். இந்த வருடம் தலைமையாசிரியர் நீட்டி முழக்காமல் சொல்லிவிட்டார். குழுவுக்குப் பிடித்தால் நிர்வாகத்தின் நாற்பது பள்ளிகளிலும் அவளுடைய பாடமுறை, அதற்கு அவளே தலைமை, வேலையும் நிரந்தரம். பிடிக்காவிட்டால் இந்த வருடத்தோடு சரி.

அப்படி என்ன பாடமுறை? மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளை ஆங்கிலத்தில் பேச வைக்க ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். ஒருத்தர் திரும்பத் திரும்பச் சொல்ல வை என்கிறார். ஒருத்தர் நடிக்க வை என்கிறார். இன்னொருத்தர் கேட்க வை, பேச்சு தானாக வரும் என்கிறார். டீச்சர் மூன்றையும் ஒரே மணி நேரத்துக்குள் கட்டிவிட்டாள். முதலில் 'எதிரொலி': ஒலிப்பதிவில் வருகிற குரலோடு சேர்ந்து, அதே ஏற்ற இறக்கத்தோடு வகுப்பே சொல்ல வேண்டும். அடுத்து 'வீட்டுப் பேச்சு': வீட்டில் நிஜமாகவே காதில் விழுந்த ஒரு உரையாடலை ஆங்கிலமாக்கி, இரண்டு பேர் நடித்துக் காட்ட வேண்டும். கடைசியில் 'காது வேலை': நடித்ததைப் போனில் பதிந்து, மறுபடி போட்டுக் கேட்டு, தவற்றைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும்.

தனித்தனியாக ஒன்றும் புதிதில்லை. சேர்த்த விதத்தில்தான் அவள் கெட்டிக்காரத்தனம். வாயே திறக்காத பிள்ளைகள் மூன்று மாதத்தில் வாயாடத் தொடங்கினார்கள் என்பதை அவளுடைய எதிரிகூட மறுக்க முடியாது. எதிரி என்று ஏன் சொல்கிறேன் என்றால், அவர் அவளுடைய வீட்டிலேயே இருக்கிறார்.

அதே பள்ளியில் ஆங்கில இலக்கணம் எடுக்கிற கணவர். இருபத்திரண்டு வருட அனுபவம். பிள்ளைகள் வைத்த பெயர் சிவப்புப் பேனா. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பிள்ளைக்கும் முழு மதிப்பெண் போட்டதில்லை, அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார். மனைவியின் பாடமுறையை அவர் ஒரே வார்த்தையில் முடித்தார். "இது கலவை இல்லைம்மா, கலப்படம்."

காலை ஏழு மணி. டீச்சர் இஸ்திரிப் பெட்டியைத் துணியில் அழுத்திக்கொண்டிருந்தபோது மகள் வந்து நின்றாள்.

"அம்மா, இன்னைக்கு அதைப் போடாதே."

அது என்பது முதல் வாரக் குரல். பாடமுறை தொடங்கிய முதல் வாரம் எல்லாப் பிள்ளைகளையும் நாற்பது விநாடி பேசச் சொல்லிப் பதிந்திருந்தாள் டீச்சர். எங்கே தொடங்கினோம், எங்கே வந்திருக்கிறோம் என்று காட்ட. காட்டுவதற்கு அவள் எடுத்ததோ ஒரே குரல், மகளுடையது. நாலு பிரிவுகளில் போட்டுக் காட்டினாள். பெற்றோர் கூட்டத்தில் ஒலிபெருக்கியில் போட்டாள். நாற்பது விநாடியில் பதினோரு 'ம்ம்', நடுவே தடுக்கி விழுந்த ஆறேழு சொற்கள். அதற்குப் பிறகு பள்ளியில் அந்தப் பெண்ணுக்கு 'ம்ம்' என்றே பெயராகிப்போனது.

"இன்னைக்கு ஒரு நாள்தான். அப்புறம் அழிச்சிடுறேன்."

"போன மாசமும் இதையேதான் சொன்னே."

"போன மாசம் வேற, இது வேற. என் பிழைப்பே இதுல இருக்கு, புரியுதா?"

"வேற யாரோடதாவது போடேன். கண்ணாடியோடது போடு."

கண்ணாடி என்றது மகளின் பக்கத்து இருக்கைத் தோழியை.

"அவங்க வீட்டுல யார் போய்க் கேக்கிறது? ஏன், எதுக்குன்னு ஆயிரம் கேள்வி கேப்பாங்க."

"என்கிட்ட யாரும் கேக்கலையே."

டீச்சருக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றதைக் கோபமாக மாற்றிக்கொள்ள அவளுக்கு ஒரு நொடி போதும்.

"உன்கிட்ட என்ன கேக்கணும்? நீ என்ன பெரிய மனுஷியா? இன்னைக்கு நாலு பேர் முன்னால வாயைத் திறக்கிறேன்னா அது யாரால? என்னாலடி! அதை மறந்துடாதே."

"ஸ்கூல்ல என்னை எப்படிக் கூப்பிடுறாங்க தெரியுமா?"

"தெரியும், தெரியும். விளையாட்டுக்குச் சொல்றாங்க. நீயும் சிரிச்சுட்டுப் போ."

மகள் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுவாள், கதவை அறைவாள், பள்ளிக்கு வரமாட்டேன் என்பாள் என்று டீச்சர் தயாராக இருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

"சரிம்மா," என்றாள் மகள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அப்பாடா என்றிருந்தது டீச்சருக்கு. நாற்காலியில் டீயோடு உட்கார்ந்திருந்த சிவப்புப் பேனாதான் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"சரின்னுட்டாளே. இவ்வளவு சுலபமாவா?"

"உங்களுக்கு என்ன? நான் தோத்தா சந்தோஷப்படுவீங்க."

"நான் எதுக்குச் சந்தோஷப்படணும்? கடைசி வரிசையில உக்கார்ந்து தப்பை எண்ணப் போறேன். தலைமையாசிரியரே கேட்டுக்கிட்டார். அவ்வளவுதான்."

பள்ளி வாசலைத் தாண்டினால் அம்மா கிடையாது, டீச்சர்தான். மகளுக்கு அவள் போட்ட சட்டம் அது. அன்று தாழ்வாரத்தில் மகள் முன்னே நடக்க, மாடிப்படி ஓரம் நின்ற மூன்று பையன்கள் கோரஸாக "ம்ம்... ம்ம்..." என்றார்கள். டீச்சர் பத்தடி பின்னால் வந்தாள். காதில் நன்றாகவே விழுந்தது. முறைத்துப் பார்த்திருக்கலாம், ஒரு அதட்டல் போட்டிருக்கலாம். கையில் ஸ்பீக்கர், மனதில் குழு. கேளாதவள் மாதிரிப் போய்விட்டாள்.

பதினோராம் வகுப்பு, இரண்டாம் பிரிவு. முப்பத்து நாலு பிள்ளைகள். பின்சுவரோரம் நாலு நாற்காலிகள். குழுவில் மூன்று பேர்: எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற ஒருவர், வந்ததிலிருந்து கொட்டாவி விடுகிற ஒருவர், வெள்ளை ஷூ போட்ட ஒரு பெண் அதிகாரி. முடிவு அந்த அம்மாளுடையது என்பது மற்ற இருவர் உட்கார்ந்த தினுசிலேயே தெரிந்தது. நாலாவது நாற்காலியில் சிவப்புப் பேனா, மடியில் நோட்டு, கையில் பேனாவோடு.

கரும்பலகைக்கு மேலே டீச்சர் கையெழுத்தில் ஓர் அட்டை தொங்கியது. 'ஒருவர் பேசும்போது யாரும் குறுக்கிடக் கூடாது. டீச்சரும்தான்.' வாக்கியத்துக்கு வாக்கியம் திருத்தித் திருத்தியே பிள்ளைகள் வாயைக் கணவர் அடைத்துவிட்டார் என்பது அவள் கட்சி. அவரைக் குத்தத்தான் அந்த அட்டையையே மாட்டினாள்.

எதிரொலி அமர்க்களமாகப் போனது. ஒலிப்பதிவுக் குரல் சொல்லச் சொல்ல, டீச்சர் ஸ்கேலால் மேஜையில் தட்ட, எந்தச் சொல் அழுந்த வேண்டுமோ அந்தச் சொல்லில் முப்பத்து நாலு குரலும் சேர்ந்து அழுந்தின. கொட்டாவிக்காரர்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மூணு மாசத்துக்கு முன்னால இவங்க எப்படி இருந்தாங்கன்னு கேளுங்க," என்று டீச்சர் போனை ஸ்பீக்கரில் செருகினாள்.

"ஐ... ம்ம்... மை... ம்ம்... ஐ லைக்... ம்ம்..."

நாற்பது விநாடி. வகுப்பின் பின்பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பி, அடங்கி, மறுபடி கிளம்பியது. தலையாட்டுகிறவரும் சிரித்துவிட்டார்.

"யாருடைய குரல் இது?" என்று கேட்டார் அதிகாரி.

மகள் எழுந்து நின்றாள். அப்படி எழுந்து நிற்க வேண்டும் என்று ஒத்திகையிலேயே சொல்லி வைத்திருந்தது. அவள் டீச்சரின் மகள் என்பது குழுவில் யாருக்கும் தெரியாது. டீச்சர் சொல்லவில்லை. சொந்தப் பெண் என்றால் மதிப்புக் குறைந்துவிடும் என்று தலைமையாசிரியரிடமும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்போ அதே பொண்ணு பேசுறதைப் பாருங்க," என்றாள் டீச்சர், மந்திரவாதி துணியை விலக்குகிற தோரணையில்.

மகளும் கண்ணாடியும் முன்னால் வந்தார்கள். அவர்கள் நடிக்க வேண்டியது உடைந்த குடைக்காக அப்பாவும் மகளும் போடுகிற சின்னச் சண்டை. இரண்டு வாரம் டீச்சரே உட்கார்ந்து செதுக்கிய உரையாடல். மேஜை மேல் போன் பதிவு செய்யத் தயாராக இருந்தது.

மகள் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். ஆங்கிலத்தில், தங்கு தடையில்லாமல் சொன்னாள். "நாங்கள் குடையைப் பற்றிப் பேசப்போவதில்லை. அது தயாரித்தது. இது நிஜமாகவே வீட்டில் கேட்டது."

டீச்சர் ஓரடி முன்னால் வந்தாள். "இல்லை, குடை..." என்று வாயெடுத்தாள்.

"ஒத்திகை பார்க்காததா? அதுதான் எனக்கு வேணும்!" என்றார் அதிகாரி. அட்டையை நோக்கிக் கை காட்டினார். "யாரும் குறுக்கிடக் கூடாது. டீச்சரும்தான்!"

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்துவைத்தாள். வேறு என்ன செய்வாள்?

இனி வருவதெல்லாம் ஆங்கிலத்தில் பேசியது. உங்களுக்காகத் தமிழில் தருகிறேன், சூடு கொஞ்சம் ஆறித்தான் போகும்.

மகள் தலைமுடியைச் சுருட்டித் தூக்கிக் கட்டினாள். கிளிப்பை ஒரு நொடி பல்லில் கடித்து, பிறகு செருகினாள். இல்லாத பாத்திரம் ஒன்றைத் துடைக்கத் தொடங்கினாள். உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லாருக்கும் அது யார் என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. தினமும் முதல் மணிக்கு முன் இதே வகுப்பில் கிளிப்பைப் பல்லில் கடிக்கிறவள் ஒருத்திதானே!

"இத்தனை பிள்ளைகள் இருக்க, ஏன் நம் பெண்ணின் குரலைப் போடுகிறாய்?" என்றாள் அப்பாவாக நின்ற கண்ணாடி.

"மற்றவர்களுக்குப் பெற்றோரைக் கேட்க வேண்டும். இவளுக்கு யாரைக் கேட்பது?"

"அவளுக்குக் கஷ்டமாக இருக்காதா?"

"மரக்கட்டைக்கு என்ன கஷ்டம்? அந்த மரக்கட்டையையே பேச வைத்துவிட்டால், யாரையும் பேச வைப்பேன் என்று நம்புவார்கள்."

கண்ணாடி சிரித்தாள். மூக்கால், ஒரு சின்னச் சிரிப்பு. அது யாருடைய சிரிப்பு என்றும் வகுப்புக்குத் தெரியும். கடைசி வரிசையில் சிவப்புப் பேனாவின் கை நோட்டின் மேல் அப்படியே நின்றது.

மகள் துடைப்பதை நிறுத்தினாள். நான் போன வாரம் எழுதாமல் விட்டதைச் சொன்னாள்.

"நல்லவேளை, அவள் கெட்டிக்காரியாகப் பிறக்கவில்லை. பிறந்திருந்தால், எனக்கு எதற்கு உதவியிருப்பாள்?"

'எனக்கு' என்ற சொல்லில் அழுத்தம் விழுந்தது. மூன்று மாதம் ஸ்கேலால் தட்டித் தட்டிக் கற்றுக்கொடுத்த அழுத்தம், இம்மி பிசகாமல் விழுந்தது. டீச்சர் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

மாடிப்படிப் பையன்கள் மூவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எல்லாப் பிள்ளைகளும் டீச்சர் முகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்கள்.

அது யார் வீட்டுப் பேச்சு என்று தெரியாத குழுவினர், நடிப்பை மட்டும் பார்த்துக் கை தட்டினார்கள். கொட்டாவிக்காரர் எழுந்தே தட்டினார்.

"எவ்வளவு இயல்பு! அந்த வெறுப்பு, அந்த இடைவெளி!" என்றார் அதிகாரி. "அடுத்து காது வேலைதானே? போடுங்க டீச்சர், கேட்போம்."

பாடமுறை அவளுடையது. வரிசையும் அவளே வகுத்தது. போனை எடுத்துச் செருகும்போது இரண்டு தடவை தவறியது. மூன்றாவது தடவை பொருந்தியது. தான் சொன்னதைத் தன் மகள் குரலில், தானே வாங்கிய ஸ்பீக்கரில், ஆரம்பத்திலிருந்து கடைசி வரை இன்னொரு முறை நின்று கேட்டாள். முடிந்ததும் வழக்கமான கேள்வியை அவள்தான் கேட்க வேண்டும். கேட்டாள்.

"தப்பு... ஏதாவது தப்பு இருக்கா?"

ஒரு பிள்ளையும் கை தூக்கவில்லை.

"சார், நீங்க சொல்லுங்க. எத்தனை பிழை?" என்று சிவப்புப் பேனாவைக் கேட்டார் அதிகாரி.

அவர் நோட்டைப் பார்த்தார். வெள்ளைத்தாள்.

"ஒண்ணுகூட இல்லை," என்றார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் முழு மதிப்பெண்.

அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. ஆசிரியர் அறையில் தலைமையாசிரியர் கை குலுக்கினார். திட்டம் நாற்பது பள்ளிகளுக்கும், தலைமைப் பொறுப்பு டீச்சருக்கு, வேலை நிரந்தரம். ஐந்து வருடமாகக் கேட்கத் தவமிருந்த வார்த்தைகள். அவள் காதில் பாதிதான் ஏறியது.

"இன்னொரு விஷயம்," என்றார் அதிகாரி. "அந்தப் பொண்ணோட ரெண்டு பதிவும் வேணும். முதல் வாரத்துதும், இன்னைக்கு நடிச்சதும். நாற்பது பள்ளியிலேயும் எல்லா வகுப்புலேயும் போட்டுக் காட்டணும். சம்மதப் படிவத்தைப் பொண்ணுகிட்டயே கொடுத்திருக்கேன். அப்பாவோ அம்மாவோ, யாராவது ஒருத்தர் கையெழுத்துப் போட்டாப் போதும்."

டீச்சர் ஓடினாள். உண்மையாகவே ஓடினாள், தாழ்வாரத்தில் பிள்ளைகள் விலகி வழிவிட.

வகுப்பறையில் மகள் மட்டும் இருந்தாள். கிளிப்பை எடுத்துவிட்டு முடியைப் பழையபடி பின்னிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் படிவம் எங்கே? நான் கையெழுத்துப் போடமாட்டேன். வேலை போனாப் போகட்டும். அதை யாரும் கேக்க வேண்டாம்."

"உங்களை யார் கேட்டாங்க, டீச்சர்?"

"இப்போ இங்க யாரும் இல்லடி. அம்மான்னு கூப்பிடு."

மகள் பின்னல் நுனியில் ரப்பர் பேண்டைச் சுற்றினாள். "படிவத்தை ஆபீஸ்ல கொடுத்தாச்சு. அப்பா போட்டுட்டார்."

"அப்பாவா?"

"படிச்சுக்கூடப் பாக்கலை. 'உங்க அம்மா பெருமையை நாற்பது பள்ளியும் கேக்கட்டும்'னு சொல்லிட்டுப் போட்டார். சிவப்பு மையில."

டீச்சர் முதல் வரிசை இருக்கையில் பொத்தென்று உட்கார்ந்தாள். அவள் பேசியது இனி அவள் கையில் இல்லை. நாற்பது பள்ளி, எத்தனையோ வகுப்பு, ஒவ்வொன்றிலும் கடைசியில் 'தப்பு ஏதாவது இருக்கா' என்று ஒரு டீச்சர் கேட்பாள். அப்படிக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லித்தரப் போகிறவளும் இவளேதான்.

மேஜை மேல் மகளின் 'வீட்டுப் பேச்சு' நோட்டு திறந்து கிடந்தது. தேதி போட்டு, ஆள் போட்டு, வரி வரியாக எழுதியிருந்தாள். டீச்சர் பக்கத்தைப் புரட்டினாள். அடுத்த உரையாடலின் தலைப்பில், அப்பாவும் தலைமையாசிரியரும், போனில், என்று இருந்தது. கீழே மூன்று பக்கம்.

"இது என்ன?"

மகள் நோட்டை மெதுவாக இழுத்து மூடிப் பைக்குள் வைத்தாள். "அடுத்த வாரத்துக்கு. அப்பாவுக்கு இன்னும் தெரியாது."

"அவர் என்ன சொன்னார்? என்னைப் பத்தியா?"

"பேசி முடிக்கிற வரைக்கும் யாரும் குறுக்கிடக் கூடாது, டீச்சர்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவு வரை போய்விட்டாள். டீச்சருக்குத் தாளவில்லை. எழுந்து போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் சொன்னது தப்பு. பாவி நான். வாய் தவறிச் சொல்லலை, சொல்லணும்னே சொன்னேன், அதான் பெரிய தப்பு. என்னைத் திட்டு, நல்லா நாலு வார்த்தை கேளு. எந்த மொழியில வேணா கேளு. எங்கிட்ட ஏதாவது பேசுடி."

வகுப்பில் முதல் ஆளாகப் பேசக் கற்ற பெண், பிழையே இல்லாமல் பேசுகிற பெண், அம்மாவின் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

"ம்ம்..." என்றாள். முதல் வாரப் பதிவில் இருந்த அதே குரலில்.

கையை விடுவித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.